உங்கள் நம்பர் கைமாறிவிட்டதா? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

பிளஸ் டூ பரீட்சை முடிந்த வீட்டில் ஏப்ரல் மாதம் முழுக்க போன் அடித்துக்கொண்டே இருக்கும். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங், பெங்களூரில் நர்சிங், ஜார்ஜியாவில் மருத்துவம் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த அழைப்புகளில் தம்பி மகளின் பெயர், எடுத்த குரூப், படித்த பள்ளி, அவள் அப்பா பெயர் எல்லாமே அச்சுப் பிசகாமல் இருந்தன. "உங்களுக்கு இதெல்லாம் யார் குடுத்தா?" என்று கேட்டால், "டேட்டாபேஸ்ல இருக்கு மேடம்" என்பதோடு லைன் கட். பின்னாலேயே என் பெயருக்குக் கடன் அழைப்புகள், மனை விற்பனை அழைப்புகள். யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்டால் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கை காட்டினார்கள். அலைந்து தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விற்றுப்போன விவரத்தைத் திரும்ப வாங்க வழியில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மக்களின் விவரத்தை வாங்கி விற்கும் தகவல் தரகர்கள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும், ஒரே விண்ணப்பத்தில் எல்லாரிடமும் அழிக்கச் சொல்லலாம் என்று சட்டமே இருக்கிறது. நமக்கு அப்படி ஒரே இடம் கிடையாது. ஆனால் வெளியே போன விவரத்தை வைத்து உங்கள் பேரில் யாரும் சிம் வாங்காமல், கடன் எடுக்காமல், பணம் உருவாமல் பார்த்துக்கொள்ள முடியும். அதனால் முதலில் பூட்ட வேண்டியதைப் பூட்டுங்கள், அப்புறம் தொல்லை அழைப்பு, அதற்கும் பிறகு நிறுவனத்துக்குக் கடிதம். முக்கால்வாசிப் பேர் தொல்லை அழைப்பில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆதாரில் பதிந்த மொபைல் நம்பர் உயிரோடு இருக்க வேண்டும். கீழே சொல்லும் பாதி வேலைக்கு ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும். பழைய நம்பர் போய்விட்டது என்றால் முதல் வேலை அதை மாற்றுவதுதான். தாலுகா அலுவலகத்தில் இருக்கும் ஆதார் மையத்திலோ தலைமை அஞ்சலகத்திலோ செய்யலாம். 2025 அக்டோபரிலிருந்து கட்டணம் 75 ரூபாய். ஆவணம் எதுவும் வேண்டாம், ஆனால் மையத்தில் மாற்றுவதென்றால் ரேகை வைக்க நேரில் போக வேண்டும். சில நாளிலேயே மாறிவிடும், சிலருக்கு 30 நாள் வரை இழுக்கும். ரசீதை எறியாதீர்கள், நிலையைப் பார்க்க அதிலுள்ள பதிவு எண் வேண்டும்.

இது தவிர பான் கார்டு, ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு நோட்டுப் புத்தகம். எந்தத் தேதியில் எங்கே புகார் செய்தோம், என்ன எண் கொடுத்தார்கள் என்று எழுதி வைக்கத்தான் நோட்டு.

மொபைல் நம்பர் மாற்றும் கட்டணத்தைத் தவிர இந்தக் கட்டுரையில் வருவது எல்லாம் இலவசம். "டேட்டாவை டெலிட் பண்ணித் தர்றோம், ஐந்நூறு ரூபாய்" என்று யாராவது சொன்னால் ஐந்நூறோடு உங்கள் விவரமும் சேர்ந்து போகும். அரசுத் தளங்களின் முகவரி கவ்.இன் என்று முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தேடினால் முதலில் வருவது பல நேரம் விளம்பரம்தான்.

2. உங்கள் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது?

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் நம்பரையும் ஓ.டி.பி.யையும் கொடுத்தால், உங்கள் பேரில் உள்ள எல்லா இணைப்புகளும் வரிசையாக வரும். நம் மாநிலத்தில் ஒருவர் பேரில் 9 இணைப்பு வரை இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று வாய்ப்பு: இது என் நம்பர் இல்லை, இது வேண்டாம், இது வேண்டும். சம்பந்தமே இல்லாத நம்பருக்கு முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு குறிப்பு எண் தருவார்கள், அதை நோட்டில் எழுதுங்கள்.

அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். நம்பர் முழுதாகத் தெரியாது, சில இலக்கங்கள் மட்டும்தான் தெரியும். அம்மா வைத்திருக்கும் நம்பர் உங்கள் ஆதாரில் வாங்கியதாக இருக்கலாம். வீட்டில் எல்லாருடைய நம்பரையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஊர் சிம்மைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள். தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத பிரீபெய்டு சிம்மை நிறுவனம் துண்டிக்கலாம், பிறகு அதே நம்பரை வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். உங்கள் வங்கி ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும். கணக்கில் 20 ரூபாயாவது இருப்பு இருந்தால் அதை எடுத்துக்கொண்டு மேலும் 30 நாள் நீட்டிப்பார்கள். அந்த நம்பரைக் கைவிடப் போகிறீர்கள் என்றால் முதலில் வங்கி, ஆதார், வாட்ஸ்அப் மூன்றிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

3. ஆதாரைப் பூட்டுங்கள், ரேஷன் கடையை மறக்காமல்

மை ஆதார் தளத்தில் ஓ.டி.பி. போட்டு உள்ளே போனால் பயோமெட்ரிக் பூட்டு என்று ஒரு வசதி இருக்கிறது. பூட்டினால் கைரேகை, கருவிழி, முகம் மூன்றாலும் யாரும் உங்கள் ஆதாரைச் சரிபார்க்க முடியாது. ரேகையை நகலெடுத்து, ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் கருவியில் வைத்து உருவுகிற மோசடிக்கு இதுதான் நேரடியான தடுப்பு.

சிக்கல் எங்கே வரும் என்றால், ரேஷன் கடையில். பூட்டிய கையோடு அரிசி வாங்கப் போனால் கருவி ஏற்காது. 330 என்று ஒரு பிழை எண் வந்தால் பூட்டு போட்டிருக்கிறது என்று அர்த்தம். ரேகைதான் விழவில்லை என்று நினைத்துக் கருவிழியில் முயற்சி செய்தாலும் அதேதான். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கும் பெண்களுக்கு முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் தோல் உரிந்து, ரேகை விழுவதே பெரும்பாடு. அவர்களுக்கு இந்த இரண்டு சிக்கலும் ஒன்றாகக் குழம்பிப் போகும். கடைக்குப் போகும் முன் தளத்திலோ ஆதார் செயலியிலோ தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடம் திறந்திருக்கும், அப்புறம் தானாகவே பூட்டிக்கொள்ளும். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது வீட்டில் வைத்தே திறந்துவிட்டுப் போவதில் பயனில்லை, உங்கள் முறை வருகையில் திறங்கள். புது சிம் வாங்கும்போதும் பத்திரப்பதிவின்போதும் இதே கதைதான். ஸ்மார்ட்போன் பழக்கமில்லாத, மாதாமாதம் ரேகை வைத்து ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்களுக்கு இந்தப் பூட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவர்கள் ஆதார் எண்ணை ஊரெல்லாம் கொடுக்காமல் இருப்பதே போதும்.

அதே தளத்தில் கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும். தெரியாத நிறுவனத்தின் பெயர் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு ஆதார் உதவி எண் 1947க்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று, மறைத்த ஆதார். தரவிறக்கும்போதே அந்த வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் பிரதி வரும். விடுதி, வாடகை வீடு, கூரியர் எல்லாவற்றுக்கும் இதையே கொடுங்கள். கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், ஆங்கிலப் பெரிய எழுத்தில் உங்கள் பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த ஆண்டும். பெயரும் பிறந்த ஆண்டும் தெரிந்தவர் எவரும் திறந்துவிடலாம் என்பதால் இதைப் பெரிய பாதுகாப்பாக நினைக்காதீர்கள்.

ஜெராக்ஸ் கடை விஷயம் இங்கேதான் வருகிறது. "வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க அக்கா" என்பார் கடைக்காரத் தம்பி. நாமும் அனுப்பிவிடுவோம். மார்த்தாண்டத்தில் ஒரு கடைத் திரையை எட்டிப் பார்த்தேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் யார் யாருடையதோ ஆதார், பாஸ்போர்ட் முதல் பக்கம், சாதிச் சான்றிதழ், மணப்பெண் போட்டோ, மேலிருந்து கீழ் வரை. அந்தத் தம்பிக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது, அழிக்க நேரமில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணினியைப் பழுது பார்க்கக் கொண்டுபோனால் எல்லாம் கூடவே போகும். அச்செடுத்ததும் "தம்பி, என் ஃபைலை அழிச்சிருங்க, ரீசைக்கிள் பின்னிலயும்" என்று சொல்லி, அழிக்கும்வரை நில்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நீங்களும் எல்லாருக்குமாக அழித்துவிடுங்கள், அங்கே இறங்கிவிட்ட பிரதி அதனால் போகாது. நகலின் குறுக்கே பேனாவால் எந்த வேலைக்காக, எந்தத் தேதியில், யாரிடம் கொடுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

4. உங்கள் பேரில் கடன் இருக்கிறதா?

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று, யார் பேரில் என்ன கடன் என்ற விவரத்தைத் தொகுத்து வைக்கும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தால் ஆண்டு முழுக்கக் கண்காணிப்பு கிடைத்துவிடும்.

நேராக அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கே போங்கள். "ஒரே நிமிடத்தில் ஸ்கோர் இலவசம்" என்று கூவும் செயலிகளிடம் போகாதீர்கள். அங்கே கீழே பொடி எழுத்தில், ஏற்கெனவே டிக் போட்ட கட்டத்தில், கடன் தரும் பங்குதாரர்கள் உங்களை அழைக்கச் சம்மதம் என்று இருக்கும். என் கணிப்பில் கடன் அழைப்புகளின் பெரிய ஊற்றே இதுதான். சொந்தத் தளத்திலும் கட்டணத் திட்டம்தான் கண்ணை உறுத்தும்படி இருக்கும், இலவசம் என்ற இணைப்பு ஓரமாக இருக்கும். பணம் செலுத்தும் பக்கம் வந்தால் வழி தவறிவிட்டீர்கள், திரும்புங்கள்.

அறிக்கையில் நீங்கள் எடுக்காத கடன் இருந்தால் அதே தளத்தில் மறுப்பு பதியுங்கள். 30 நாளில் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கிக்காரர்களே இதைப் பற்றி வாய் திறப்பதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

கடன் செயலி எதையாவது போனில் ஏற்றியிருந்தால் அது தொடர்புகள், அழைப்புப் பதிவு, படங்கள் எதையும் தொடக்கூடாது என்பதும் விதி. ரிசர்வ் வங்கித் தளத்தில் 2025 ஜூலை முதல் கடன் செயலிகளின் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் இல்லை என்றால் அன்றைக்கே நீக்குங்கள்.

5. போனுக்குள் ஒரு சுற்று

அரை மணி நேர வேலை. அமைப்புகளில் அனுமதி மேலாளரைத் திறந்து, தொடர்புகள், குறுஞ்செய்தி, இருப்பிடம் மூன்றையும் எந்தச் செயலி வைத்திருக்கிறது என்று பாருங்கள். டார்ச் லைட்டுக்கு உங்கள் மைனி நம்பர் எதற்கு? ஆண்ட்ராய்டில் விளம்பர அடையாள எண்ணை அழிக்கலாம், ஐபோனில் செயலிகள் பின்தொடர அனுமதி கேட்பதையே நிறுத்தலாம். ட்ரூகாலரில் பெயர் வராமல் இருக்க, கணக்கு இருந்தால் முதலில் அதை மூடிவிட்டு, பிறகு அவர்கள் தளத்தின் நீக்கல் பக்கத்தில் 91 சேர்த்து நம்பரைக் கொடுங்கள். கூகுள் தேடலில் உங்கள் நம்பரோ முகவரியோ வந்தால் எடுக்கச் சொல்ல ஒரு படிவம் உண்டு. தேடலிலிருந்துதான் போகும், மூலத் தளத்தில் அப்படியே இருக்கும். அந்தத் தளத்துக்கும் தனியாக எழுத வேண்டும்.

6. 1909

இப்போது தொல்லை அழைப்புக்கு வரலாம். விளம்பர அழைப்பு வேண்டாம் என்று 1909க்கு அழைத்துச் சொல்லலாம், அல்லது ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு 0 போட்டு அதே எண்ணுக்குச் செய்தி அனுப்பலாம். 0 என்றால் எல்லா விளம்பரமும் தடை. சிலது மட்டும் வேண்டாம் என்றால் வங்கிக்கும் கடனுக்கும் 1, மனைக்கு 2, கல்விக்கு 3 என்று 8 வரை போகிறது. பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டில் பெற்றோர் நம்பருக்கும் சேர்த்து ஜனவரியிலேயே செய்துவிடுங்கள். வங்கி ஓ.டி.பி. இதனால் நிற்காது, பயம் வேண்டாம். வேலைக்காகத் திருவனந்தபுரத்தில் வாங்கிய கேரள சிம்முக்கும் இது செல்லும், ஒவ்வொரு நம்பரிலிருந்தும் தனித்தனியாக அனுப்ப வேண்டும்.

பதிந்த பிறகும் அழைப்பு வரும். பதிவதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதால்தான் "டி.என்.டி. வேலைக்கே ஆகாது" என்ற பேச்சு (டி.என்.டி. என்பது இந்தத் தடைப் பதிவுதான்). தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டி.என்.டி. செயலியில் அந்த அழைப்பைப் புகாராகப் பதிய வேண்டும், 7 நாளுக்குள். தொலைபேசி நிறுவனம் 5 நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும். 2025 பிப்ரவரித் திருத்தத்தின்படி ஒரே எண்ணின் மீது 10 நாளில் 5 புகார் சேர்ந்தால் நடவடிக்கை பாயும். முதல் தடவை அந்த எண்ணிலிருந்து வெளியே போகும் அழைப்புகள் 15 நாள் முடங்கும், மறுபடி செய்தால் ஓராண்டு துண்டிப்பு. ஆகவே ஒரே நம்பர் தெருவில் நாலு வீட்டுக்கு வந்தால் நாலு வீட்டாரும் பதியுங்கள். புகார் முடியும்வரை அழைப்புப் பதிவை அழிக்கவே கூடாது.

செய்தி என்றால் அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பணப் பரிமாற்றம், ஜி அரசு. சேவை என்ற பேரில் விளம்பரம் வந்தால் அதுவும் புகார்தான். நீங்களே ஒரு செயலியில் சம்மதம் கொடுத்திருந்தால் அந்த நிறுவனத்தின் செய்தி 1909 தடையைத் தாண்டி வரும். அதைச் செயலியிலேயே போய் ரத்து செய்ய வேண்டும்.

7. பில் கவுண்டரில்

நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் சட்டைக்குப் பில் போடும்போது நம்பர் கேட்டார்கள். தர விருப்பமில்லை என்றேன். "நம்பர் இல்லாம பில் வராதுக்கா" என்றது கவுண்டர் பெண் பிள்ளை. மேலாளரைக் கூப்பிடுங்கள் என்றதும் பில் வந்தது! நம்பர் தராவிட்டால் பில் இல்லை என்று வற்புறுத்தக் கூடாதென்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்குச் சொல்லலாம். கவுண்டரில் நிற்கும் பிள்ளையிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவள் கணினி கேட்பதைக் கேட்கிறாள்.

கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில் ஒரு சின்ன தந்திரம் செய்யலாம். ஜிமெயில் முகவரியில் பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு, கடையின் பெயரைச் சேர்த்துக் கொடுங்கள். மின்னஞ்சல் உங்களுக்கே வரும். பிறகு வேறு யாரோ அதே முகவரிக்கு எழுதினால், எந்தக் கடையிலிருந்து போனது என்று தெரிந்துவிடும். பெயரிலும் இதைச் செய்யலாம், ஒவ்வோர் இடத்திலும் இனிஷியலை மாற்றிக் கொடுங்கள். கல்வி ஆலோசனை முகாம், குலுக்கல் கூப்பன், வரன் பதிவு மூன்றிலும் இது நன்றாக வேலை செய்யும்.

8. நிறுவனத்துக்குக் கடிதம்

மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான பகுதிகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம்தான் முழுதாக நடைமுறைக்கு வரும். அதன்பின் உங்கள் விவரம் என்னென்ன வைத்திருக்கிறார்கள், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம், சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். குறைக்கு 90 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியம். நேராக வாரியத்துக்குப் போக முடியாது, நிறுவனத்திடம் கேட்ட சான்று வேண்டும். சம்மத அறிவிப்பைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 2011இன் தகவல் தொழில்நுட்ப விதிகளே, நிறுவனம் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்து, ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்கின்றன. தளத்தின் அடியில் தனியுரிமைக் கொள்கை என்ற பக்கத்தில் அவர் மின்னஞ்சல் இருக்கும். நீளமாக எழுதாதீர்கள். இவ்வளவு போதும்:

"என் பெயர் இது, என் நம்பர் இது. இந்தத் தேதியில் உங்கள் தரப்பிலிருந்து அழைப்பு வந்தது. என் விவரம் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது, யாருக்கெல்லாம் பகிரப்பட்டது என்று எழுத்தில் தெரிவிக்கவும். என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை தவிர மற்றதை அழித்து உறுதி செய்யவும்."

அடையாளத்துக்கென்று முழு ஆதாரைக் கேட்பார்கள். தராதீர்கள், அதே நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வங்கியும் தொலைபேசி நிறுவனமும் சில விவரங்களைச் சட்டப்படி சில ஆண்டுகள் வைத்திருந்தே ஆக வேண்டும், அதை அழிக்கச் சொல்லி மல்லுக்கட்டாதீர்கள். நீங்களே முகநூலில் பொதுவில் போட்ட நம்பருக்கு 2023 சட்டம் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். பாதுகாப்பில் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு, ஆனால் அது அரசுக்குப் போகும், நமக்கு ஒரு காசும் வராது. இழப்பீடு கிடைக்கும் என்று சொல்லிக் கட்டணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

9. பணம் போய்விட்டால்

மேலே உள்ள எதையும் செய்துகொண்டிருக்காதீர்கள், உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்கத்தான் அந்த எண். அடுத்து வங்கிக்குச் சொல்லி கார்டையும் யு.பி.ஐ.யையும் முடக்குங்கள். தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ அல்லாமல் வெளியாளின் வேலை என்றால், 3 வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டால் இழப்பு உங்கள் தலையில் விழாது.

அப்புறம் தேசிய சைபர் குற்றத் தளத்தில் எழுத்தில் பதியுங்கள். நேரில் போவதென்றால் நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. கொண்டுபோக வேண்டியவை: பணம் போன வரி தெரியும் வங்கிக் கணக்கு அறிக்கை, பரிவர்த்தனை எண், வந்த செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் அச்சு, 1930 தந்த புகார் எண், ஆதார் நகல், இரண்டு பிரதி மனு. மனுவைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், வங்கி பின்னால் அதைத்தான் கேட்கும். பணம் எதுவும் போகவில்லை, சந்தேக அழைப்பு மட்டும்தான் என்றால் காவல் நிலையம் வரை போக வேண்டாம். சஞ்சார் சாத்தியில் சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணைப் பதிந்தால் போதும்.